மகாராஜா இறங்கவில்லை

வடமாலைப்பேட்டை தாண்டியதும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது.

வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். எதிரே டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

லைசன்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நகரியில் கிளம்பும்போதே மைத்துனர் கறாராகச் சொல்லிவிட்டார். வழியில் வண்டி நின்று, எவன் உதவியையாவது கேட்க நேர்ந்தால் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வண்டியை விற்றுவிடுவார். சரி என்று வீராப்பாகத் தலையாட்டியது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆகவே, பாகாலாவில் என் தங்கையின் முகூர்த்தம் தப்பினாலும் சரி, இந்தச் சக்கரத்தை நான்தான் மாற்றியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் முன்சீட்டில் இருந்தார். ஜரிகை வேட்டி, குவைத்திலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கண்ணாடி. இந்தப் பழைய மாருதியும் குவைத் சம்பாத்தியத்தில் வாங்கியதுதான். ஜன்னலை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். நட்டுகளை முதலில் தளர்த்த வேண்டும், பிறகுதான் வண்டியைத் தூக்க வேண்டும். இதை டிரைவிங் ஸ்கூலில் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டு வாசலில் தப்புத் தப்பாகக் கழற்றி மாட்டி நானே கற்றுக்கொண்டது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். நட்டுகள் இளகின.

ஜாக்கிதான் மக்கர் செய்தது. எவ்வளவு சுற்றியும் அசையவில்லை.

தப்பு என்னுடையது. ஆயுத பூஜைக்கு வண்டியோடு சேர்த்து ஜாக்கியையும் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஈரத்தோடு உள்ளே போட்டிருந்தேன். அவ்வளவு பக்தியில் ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோன்றவில்லை. மரை முழுக்க சந்தனமும் துருவும் அப்பிக் கிடந்தன.

முன் ஜன்னலிலிருந்து ஒரு தைலக் குப்பி நீண்டது. வாங்கி மரையில் ஊற்றி, கொண்டை ஊசியால் சுரண்டினேன். ஜாக்கி முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது.

அதற்குள் டீக்கடைக் கூட்டம் சாலையைக் கடந்து வந்துவிட்டது.

"வுடும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு மீசைக்காரர் ஸ்பேனரை எடுத்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

அவருடைய கோபம் என்மேல் வரவில்லை. முன்சீட்டுப் பக்கம் போனார்.

"இன்னா சார், பொண்டாட்டி மண்ல பொரண்டுக்கினு கீது, நீ மகாராஜா கணக்கா குந்திக்கினு கீற? எறங்குனா பாரமாச்சும் கொறையும் இல்ல?"

கூட்டம் சிரித்தது. இன்னொருவர் தன் பங்குக்கு, "சோமரிபோத்து" என்று தெலுங்கில் திட்டினார். அந்த ஊர்ச் சோம்பேறிகளுக்கு அதுதான் பட்டம்.

 என் வீட்டுக்காரர் முழங்கையை உள்ளே இழுக்கவில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லார் முகமும் மாறியிருக்கும்.  ஆனால் சொல்லவில்லை. ஸ்டெப்னியை மாட்டி, கடைசி நட்டையும் முறுக்கி, கை கழுவக்கூட நிற்காமல் வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

குவைத்தில் கட்டடச் சாரம் சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அவரை ஊருக்குத் தூக்கிவந்த நாளிலிருந்து, பார்த்தவர்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் திட்டியதில்லை.

"திரும்பி வர்றப்போ அந்தக் கடையாண்ட நிறுத்து யசோதா" என்றார். "டீய வண்டிக்கே கொண்டாரச் சொல்லலாம்."