மாப்பிள்ளை வாட்ச்

"இந்தாங்க, நீங்களே கட்டிக்கிட்டு அழகு பாருங்க!"

மீரா சாகிப் வாட்ச்சை மேசைமேல் வைத்த வேகத்தில் அறிவுச்செல்வன் பதறிப்போய் அதைக் கையால் பொத்தினான். கூட வந்த மருமகன் அஸ்கர் கூச்சத்தோடு தெருவைப் பார்த்தான்.

"மாமா, மெதுவா... ரோட்டுல போறவங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமே! மாப்பிள்ளைக்கு நிக்காஹுக்குப் போட்ட வாட்ச் இது. ராத்திரி ஒழுங்கா இருக்கு, காலையில எடுத்துப் பார்த்தா அரை மணி நேரம் முந்தி ஓடுது. பட்டினம் பூரா சிரிக்குது!"

அறிவுச்செல்வனுக்கு அழுகைதான் வந்தது. வேலையை விட்டுவிட்டு, எந்தக் காலத்திலோ மூடிப்போன வாட்ச் கம்பெனியின் சாவி கொடுக்கிற பழைய மெஷின்களை அலைந்து திரிந்து வாங்கி வந்தவன் அவன். ஒவ்வொன்றையும் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, புதுக் கூட்டில் பூட்டி, நம்பர் பொறித்து, இருபதே இருபது வாட்ச் செய்திருந்தான்.

காரைக்காலில் சொகுசு வாட்ச்சா என்று கேலி பண்ணாத ஆள் இல்லை. முதல் நம்பரைத் துணிந்து வாங்கியவர் இந்த மீரா சாகிப்தான். அது இப்படிக் காலை வாரினால் மனுஷன் என்னதான் செய்வான்?

மீதி எல்லா வாட்ச்சும் இந்த ஒன்றை நம்பித்தான் பெட்டியில் கிடந்தன. அஸ்கர் துபாயில் ஒரு வாட்ச் ஷோரூமில் வேலை பார்க்கிறான். கட்டிக்கொண்டு வா, நேரம் தவறாமல் ஓடினால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் முதலாளி சொல்லியிருந்தார்.

கோளாறான வாட்ச்சோடு அவர் முன்னால் போய் நிற்க அஸ்கருக்கு மனம் வரவில்லை. இதனாலேயே டிக்கெட்டை இரண்டு தடவை தள்ளிப் போட்டுவிட்டான். இனிமேலும் தள்ளினால் முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அறிவுச்செல்வன் சின்ன திசைகாட்டி ஒன்றை வாட்ச் அருகில் கொண்டுபோனான். முள் வெடுக்கென்று திரும்பியது. போன தடவையும் இதே கதைதான்.

"மறுபடியும் காந்தம் ஏறியிருக்கு பாய். உள்ளே இருக்கிற சுருள் கம்பி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டா வாட்ச் இப்படித்தான் தறிகெட்டு ஓடும். டிவி, ஸ்பீக்கர் பக்கம் வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எங்கேயும் வைக்கலீங்க" என்றான் அஸ்கர். கல்யாணமானதிலிருந்து அவர்கள் வழக்கப்படி அவன் பெண் வீட்டோடுதான் இருக்கிறான். "படுக்கப் போறப்ப கழட்டி மாமாகிட்ட குடுத்துடுவேன். அவங்க பத்திரமா பீரோவுல வச்சுப் பூட்டிடுவாங்க."

"பீரோ என்ன காந்தமா? குத்தத்தை எங்க வீட்டு மேல போடாதீங்க தம்பி!" மீரா சாகிப் மேசையில் ஓங்கித் தட்டினார். குட்டித் திருகாணிகள் நாலு பக்கமும் சிதறின.

சை, இதையெல்லாம் யார் பொறுக்குவது! அறிவுச்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டான். "சரிங்க பாய், ரெண்டாம் நம்பரைத் தர்றேன். அதைக் கொண்டுபோகட்டும்."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான் அஸ்கர் ஆசையோடு.

"சும்மா இருங்க மாப்பிள்ளை. நிக்காஹ் தேதி பொறிச்சிருக்கிறது இதுலதான். போனா இதோடதான் போகணும்."

"அப்ப பணத்தையாவது திருப்பித் தந்துடறேன் பாய்..."

"பணத்தை நான் கேட்டேனா?"

அறிவுச்செல்வன் கூட்டைத் திறந்தான். வாட்ச்சின் காந்தத்தை இறக்கினான். பிறகு, ஒரு வாரமாகச் சோறு தண்ணி இல்லாமல் கடைந்து வைத்திருந்த, காந்தத்தை உள்ளே விடாத தேனிரும்பு மூடியை எடுத்து மெஷினைச் சுற்றிப் பொருத்தினான்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்து வாட்ச்சின் தலையிலேயே வைத்தான். அஸ்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் காந்தத்தை எடுத்துவிட்டு, வாட்ச்சைச் சோதிக்கும் கருவியில் மாட்டினான். இம்மி பிசகவில்லை.

"இனி உங்க வீட்டுல எங்க வச்சாலும் ஒண்ணும் ஆகாது பாய்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" அஸ்கர் துள்ளிக் குதிக்காத குறை. "மாமா, நாளைக்கே டிக்கெட் போட்டுடறேன். முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அறிவுச்செல்வனுக்கு இப்போதுதான் உயிர் வந்தது. இன்னொரு வசவு விழும் என்று எதிர்பார்த்தான். மீரா சாகிப் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மக நுஸ்ரத் பொறந்தப்ப நான் சவூதியில இருந்தேன் தம்பி. லீவுல வந்து நின்னா, யாரும்மா இவங்கன்னு அவ உம்மாகிட்ட கேட்டா."

"அதெல்லாம் அந்தக் காலம் பாய். இப்பத்தான் வீடியோ கால் இருக்கே" என்றான் அறிவுச்செல்வன், சிதறிய திருகாணிகளைப் பொறுக்கியபடியே.

மீரா சாகிப் வாசலை எட்டிப் பார்த்தார். அஸ்கர் இன்னும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவர் மேசையில் கிடந்த காந்தத்தைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதைவிடப் பெருசா ஒரு காந்தம் எங்க தம்பி கிடைக்கும்?"