ஒரே கயிற்றில் இரண்டு படகுகள்

புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டதும் 'சந்தன மாதா' படகுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புயல் வந்தால்தானே அதே பட்டறையில் பிறந்த தங்கைப் படகைப் பார்க்க முடியும்!

படகுகளின் சொந்தக்காரர்களான அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்ததிலிருந்து அக்காப் படகு வடகரையில், தங்கைப் படகு தென்கரையில். புயல் என்றால் மட்டும், பேச்சுவார்த்தை இல்லாத அந்த இருவரும் சேர்ந்து படகுகளை மேட்டுக்கு இழுத்து, ஒரே பனையில் பிணைத்துக் கட்டுவார்கள். ஒற்றை ஆளால் ஆகிற வேலையா அது?

"ஒண்ணாக் கடலுக்குப் போன காலம் ஞாபகமிருக்காக்கா? ஒரே தூக்குவாளிக் கஞ்சியை மாத்தி மாத்திக் குடிப்பாங்களே!" என்றது அன்றிரவு பனையடியில் அக்காவோடு பிணைந்து கிடந்த தங்கை.

"அடிக்கஞ்சியை அண்ணனுக்குன்னு விட்டுவைப்பான் தம்பி," என்றது அக்கா.

விடிந்தபோது மழை மட்டும் பெய்து ஓய்ந்திருந்தது. புயல் திசை மாறிப் போய்விட்டதாம். கயிற்றை அவிழ்க்க அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாக வந்தார்கள்.

"கயிறே, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சியது அக்கா.

நனைந்து ஊறியிருந்த கயிறு முடிச்சை இறுக்கிக்கொண்டது. அண்ணன் இழுத்துப் பார்த்தான். தம்பி பல்லால் கடித்துப் பார்த்தான். கடைசியில் இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

"அந்தப் பக்கம் தளர்த்துடா."

"சரிண்ணே."

"இன்னும் கொஞ்சம் இறுக்கு," என்றது தங்கை, கயிற்றிடம்.