போர்டு பார்க்கிறது

"கையைத் தூக்காதீங்க. மூக்கு அரிச்சா என்கிட்ட சொல்லுங்க, நான் சொறிஞ்சு வுடறேன்."

நௌஷாத், மூக்கு வரை வந்துவிட்ட இடது கையை மடியில் போட்டுக்கொண்டான். செங்கல்பட்டில் அன்று ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு கூடியிருந்த கட்டடத்தின் வராந்தா அது. அவன் மனைவி ஷாஹிதா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முக்காட்டு நுனியால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"போதும் புள்ள. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். அந்தச் சுண்டல்காரரு அப்போலேர்ந்து நம்மளையே பார்த்துகினு கீறாரு. போர்டு ஆளா இருந்தாலும் இருக்கும்."

"சுண்டல் விக்கிறவன் போர்டு ஆளா?"

"இன்னா கண்டீங்க?"

நௌஷாத், மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டியவன். அந்த மிஷின் அவன் வலது கையில் நாலு விரலை வாங்கிக்கொண்டு கட்டை விரலை மட்டும் விட்டுவைத்தது. போனது சோத்துக்கை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்த புதிதில் அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை. இடது கையால் சோற்றைத் தொட மனசு ஒப்பவில்லை. ஸ்பூனைக் கொடுத்தால் விசிறியடித்தான். ஷாஹிதா கவளம் உருட்டி வாயருகே கொண்டுபோனால் தட்டைத் தள்ளிவிட்டான்.

"நான் இன்னா கைக்கொழந்தையா? பொண்டாட்டி ஊட்டித்தான் உசுரு வாழணுமா? அதுக்கு அந்த மிஷினு என்னை முழுசா இழுத்துகினு போயிருக்கலாம்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். வயிறு காய்ந்தாலும் ரோஷம் காயவில்லை. ஆள் பாதியாகிவிட்டான்.

கட்டுப் பிரிக்க அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய அன்றுதான், ஷாஹிதா கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகச் சொன்னாள்.

"போர்டுல எத்தினி பர்சென்ட் ஊனம்னு போடறாங்களோ, அதுக்குத் தக்கனதான் மாசா மாசம் டப்பு வருமாம். நீங்களா சாப்டறத எவனாச்சும் பார்த்து, 'இடது கையால சமாளிச்சுக்கிறான்'னு எழுதிட்டா பாதியா குறைச்சிடுவாங்களாம். போர்டு முடியறவரைக்கும் நான்தான் ஊட்டணும். வூட்டுக்குள்ளாரயும்தான். ஜன்னல் வழியா பார்த்துட்டா இன்னா பண்றது?"

"யாரு சொன்னா?"

"விசாரிச்சேன்."

நௌஷாத் யோசித்தான். பெண்டாட்டி கையால் ஊட்டிக்கொள்வது அவமானம்தான். ஆனால் போர்டுக்காக நடிப்பது என்றால் அதுவும் குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற ஒரு வேலை அல்லவா? அன்றைக்கே பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தான். நாளடைவில் கன்னத்தில் சதை வைத்தது. ரசத்தில் உப்பு கம்மி என்று குறை சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டான். அந்தப் போர்டு நல்லா இருக்கணும் என்று ஷாஹிதா ஒவ்வொரு தொழுகையிலும் துவா கேட்டாள்.

"நௌஷாத் யாருப்பா? உள்ள வா" என்று குரல் வந்தது.

"பேனாவக் குடுத்தா வாங்கிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள் ஷாஹிதா.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர், அன்று கட்டுப் பிரித்த அதே டாக்டர் பார்த்தசாரதி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். நௌஷாத் அசையவில்லை.

"எனக்கு ஒண்ணியும் பண்ண வராது சார். சோறுகூட சம்சாரம்தான் ஊட்டுது."

"இடது கை நல்லாத்தானே இருக்கு?"

நௌஷாத், பாதி போச்சு என்று நினைத்துக்கொண்டான். "அதையும் தூக்க முடியல சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நடிக்காதீங்க. நீங்க எந்தக் கையால சாப்பிடறீங்கன்னு நாங்க பார்க்கறதில்ல. எந்த விரல், எந்தக் கணு வரைக்கும் போச்சு, அதான் எங்களுக்கு வேணும். அதுக்கு இத்தனை பர்சென்ட்னு சட்டத்துலயே இருக்கு. உங்க நாலு விரலுக்கு அம்பது. விபத்துக்கு முன்னாடி வாங்கின சம்பளத்தை வெச்சு அதைக் கணக்குப் பண்ணுவாங்க. ஆயுசுக்கும் வரும். நாளைக்கு நீங்க வேற வேலைக்குப் போனாலும் நிக்காது."

"வேலைக்குப் போனாக்கூடவா?" என்று கேட்டான் நௌஷாத். "அப்போ, நானா சாப்டறேனான்னு யாரும் பார்த்து எழுதலியா சார்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். நௌஷாத் இடது கையால் பேனாவை வாங்கி, கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

ஷாஹிதா டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"அம்பது பர்சென்ட். ஆயுசுக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற இன்னா சொன்னாரு?" என்று கேட்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இன்னும் ஒரு வருசம் பார்த்துகினே இருப்பாங்களாம். நானா சாப்ட்டா குறைச்சிடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"விசாரிச்சேன்."

ஷாஹிதா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரு கவளம் உருட்டினாள். சுண்டல்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நௌஷாத் பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தான்.

"இதையெல்லாம் கட்டுப் பிரிச்ச அன்னிக்கே உங்க சம்சாரத்துக்கு விளக்கமா சொன்னேனே" என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை.