நந்தியாவட்டைக்கு ஒரு வரி

வக்கீல் ஞானசீலனின் மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. லேப்டாப்பில் கிரயப் பத்திரத்தின் வரைவு. அதைப் படித்துப் பார்த்த ஏஐ ஒரே ஒரு வரியை மஞ்சளாக்கிக் காட்டுகிறது. ‘விற்றவர் தினமும் வந்து நந்தியாவட்டைப் பூ பறித்துக்கொள்ளலாம்.’ வண்டியூர் வீட்டை விற்கும் ஜகதாம்பாள் டீச்சர் கேட்டு எழுதவைத்த வரி அது. “இத எடுத்துரச் சொல்லுது டீச்சர். பின்னால வில்லங்கம் வருமாம்,” என்கிறார் ஞானசீலன். “அதுக்கென்ன, அது சாமியா கும்பிடுது?” என்று டீச்சர் சிரிக்கப் பார்க்கிறார். சிரிப்பு வரவில்லை. அவர் நட்டு வளர்த்த செடி. அந்தப் பூ இல்லாமல் ஒருநாளும் விளக்கேற்றியதில்லை. முந்தானை நுனி விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்கிறது. எதிரே, வீட்டை வாங்கும் மைத்ரேயி அந்த மஞ்சள் வரியையே பார்க்கிறாள். “எடுத்துருங்க சார்,” என்கிறாள். வரி மறைகிறது. டீச்சர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறார். மைத்ரேயி கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்பி, கேட் சாவியை மட்டும் கழற்றி டீச்சரின் உள்ளங்கையில் வைத்து மூடுகிறாள். “காலைல நான் எந்திரிக்க லேட்டாகும் டீச்சர். நீங்களே தெறந்து பறிச்சுக்கங்க.”