ரேடியோ அதிகமுள்ள நாடு

ரேடியோ பேசிவிட்டது.

பேசியிருக்கக் கூடாது.

கம்பளி போர்த்திய கிழவர் கடை மேசைக்கு அந்தப் பக்கம் கைதட்டிச் சிரித்தார். பழைய பெட்டியைக் கம்பளிக்குள் செருகிக்கொண்டு குதிரையேறிப் போனார். இனி பத்து வருடத்துக்கு அவர் புதிது வாங்க மாட்டார்.

ஸ்க்ரூ டிரைவரை எரிச்சலோடு மேசையில் போட்டான் அவன். கெட்டுப்போன பெட்டியைக் கண்டால் கை சும்மா இருக்கிறதா?

ஆப்பிரிக்காவின் மலைநாடான லெசோத்தோவில் அவன் கடை. அங்கேயே இன்னொரு குட்டி நாடான சுவாசிலாந்தில் இசக்கிதுரையின் கடை. இரண்டுக்கும் டர்பனில் இருக்கும் ஒரே முதலாளி. இருவரின் பாஸ்போர்ட்டும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கின்றன.

வருடக் கடைசியில் எந்த நாட்டில் ரேடியோ அதிகம் விற்றிருக்கிறதோ, அந்தக் கடைக்காரனுக்கு ஊருக்கு டிக்கெட். மற்றவன் இன்னொரு வருடம் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் வருடம் இரண்டே பெட்டியில் தோற்றான். அடுத்த வருடம் தீபாவளிக்குக்கூடக் கடையை அடைக்கவில்லை. குதிரையில் ரேடியோக்களைக் கட்டிக்கொண்டு மலைக் கிராமங்களுக்கெல்லாம் போய் விற்றான். அப்போதும் குறைச்சல்தான்.

இப்படியே ஐந்து வருடம்.

"இசக்கிதுரை முந்திட்டாம்லா" என்பார் முதலாளி போனில். குரலில் நிஜமான வருத்தம் இருக்கும். அங்கே கரும்புத் தோட்டம், வாராவாரம் கூலி, வீட்டுக்கு இரண்டு ரேடியோ. இங்கே வெறும் மலை. என்ன செய்வது?

பார்க்காத அந்த நாட்டை அவன் மனதார வெறுத்தான். அடுப்படியில் ஒன்று, கட்டிலடியில் ஒன்று என்று அதன் வீடுகளில் எல்லாம் தானே மனதுக்குள் ரேடியோ வைத்துப் பார்த்துப் பொருமினான்.

இசக்கிதுரையோடு அவன் பேசியதே இல்லை. கடைக்குக் கடை பேச்சு கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. போட்டி கெட்டுவிடுமாம்.

கல்லாவுக்குக் கீழே ஒரு சிவப்பு ரேடியோ இருக்கிறது. மகளுக்காக எடுத்து வைத்தது. அவன் புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம்.

போன் அடித்தது.

"அண்ணாச்சி, நான் சுவாசிலாந்துலேர்ந்து இசக்கிதுரை பேசுதேன். ஒங்க சரக்குப் பெட்டி ஒண்ணு மாறி இங்க வந்துட்டு."

உத்தரவாவது மண்ணாவது. கேட்டுவிட வேண்டியதுதான். சிவப்பு ரேடியோவைச் சரக்கு லாரியில் கொடுத்தனுப்பினால், ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்ச் சேர்த்துவிட மாட்டானா?

அதற்குள் அந்தக் குரல் தயங்கித் தயங்கி முந்திக்கொண்டது.

"ஒரு ஒதவி அண்ணாச்சி. முதலாளிட்ட சொல்லிராதிய. வருசா வருசம் நீங்கதான ஊருக்குப் போறிய. ஒங்க நாட்டுல ஆடு மேய்க்கிறவன்கூட ரேடியோ இல்லாம மலையேற மாட்டானாம்லா, நான் எப்படி ஜெயிக்க? இந்தத் தடவ போறப்ப உடன்குடில எறங்கி எங்கம்மைய ஒரு எட்டு பாத்துட்டு வாரியளா? கண்ணு தெரியலையாம்."

அவன் கடையைப் பார்த்தான். அலமாரி முழுக்க ரேடியோ.

"அண்ணாச்சி?"

"தம்பி" என்றான். "அஞ்சு வருசமா நானும் இங்கதான் கெடக்கேன்."

இசக்கிதுரையின் கடையில், யாரும் வாங்காத ஏதோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.