தோட்டத்து மூலை

அகுரூத் மறுபடியும் முடியாது என்றுவிட்டாள்.

தண்ணீருக்குப் போர் போட வந்த லாரி, இடம் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை மதியம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். இன்று வியாழன்.

தெருவிளக்கா, சந்தைக்குக் கூரையா, தண்ணீரா என்று ஊர் ஆறு மாதம் அடித்துக்கொண்டபோது, தண்ணீர்தான் முதலில் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவள் அமோதிங். கிழக்கு உகாண்டாவின் அந்தச் சிற்றூரில் மாடும் மனுஷரும் ஒரே சதுப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். போன மாதம் மட்டும் வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன.

பொறியாளர் இரண்டு இடங்களில் குறி வைத்திருந்தார். ஒன்று அகுரூத்தின் தோட்டத்து மூலை. இன்னொன்று அமோதிங்கின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால், சமையல்கட்டு இருக்கும் இடம். ஓடுகிற கடையை எதற்கு இடிக்க வேண்டும், அகுரூத்தின் மூலை புல் முளைத்துச் சும்மா கிடக்கிறதே என்று கமிட்டியில் எடுத்துச் சொன்னவளும் அமோதிங்தான். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

அகுரூத்துக்கு மட்டும் படவில்லை.

ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. இப்போது வேலையும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. யாருக்காக மண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றார்கள்.

ஊர்த் தலைவர் ஒக்வலிங்கா கடையில் கேழ்வரகுக் களியைப் பிட்டுக்கொண்டே, நாளைக் காலை பத்து மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். "நீயே ஒரு தடவை போய்ப் பேசிப் பாரும்மா."

அமோதிங் போனாள். அகுரூத் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். அமோதிங் முதலில் கெஞ்சினாள். பிறகு, அதிகாரிகளிடம் சொல்லி நிலத்தை எடுக்க வைப்பேன் என்று மிரட்டினாள். அகுரூத் புடைப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு பிள்ளைங்களப் புதைச்சிருக்கோம். நீங்க கையில ஏந்தின பிள்ளைங்க. உங்க நெஞ்சுல ஈரமே இல்லையாம்மா?"

அகுரூத் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மூலையிலயும் ஒரு பிள்ளை இருக்கு."

பத்து மணி என்பது அமோதிங்கின் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரோட பிள்ளை?"

"அது இங்க இருக்குன்னு பெத்தவளுக்கே தெரியாது. தெரிய வேண்டாம்னு தகப்பன் கேட்டுக்கிட்டான். வாக்குக் குடுத்துட்டேன்."

"பேரைச் சொல்லுங்க, நான் போய்ப் பேசறேன். ஊருக்கே தண்ணி வேணும்னா எந்தத் தாயும் புரிஞ்சுக்குவா. எடுத்து மாதா கோயில் கல்லறைக்கு மாத்திடலாம்."

"அங்க இடமில்லேன்னுதானே இங்க வந்துச்சு? ஞானஸ்நானத்துக்கு முன்னாடி செத்த பிள்ளையாம், கூடாதுன்னுட்டாங்க. தாய்க்காரி மூணு நாள் நினைவில்லாமக் கிடந்தா. பிள்ளையைத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, இதோ, நீ நிக்கிற இடத்துல உக்காந்திருந்தான்."

"யாரு?"

அகுரூத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதியாவ்."

நான்கு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன அமோதிங்கின் கணவன் பெயர் அது. தங்கள் தலைப்பிள்ளையின் குழி என்று மாதா கோயில் கல்லறையில் அவன் கைகாட்டிய ஒரு மண்மேட்டில்தான், கல்லறைத் திருநாள்தோறும் இருபத்திரண்டு வருடமாக அவள் பூ வைத்து வருகிறாள்.

அமோதிங் தோட்டத்துக்குள் போனாள். அந்த மூலையில் புல் ஒட்ட வெட்டியிருந்தது. பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அகுரூத் அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை கமிட்டி கூடியது. கையெழுத்து வந்ததா என்று தலைவர் கேட்டார். இல்லை என்ற அமோதிங், தன் சமையல்கட்டில் போர் போடச் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள். அடுப்பை விடியும்போதே பிரித்துவிட்டேன், சுவரை மட்டும் ஆள் வைத்து இடித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

கூட்டம் கை தட்டியது. மதியத்துக்குள் லாரி கடைக்குப் பின்னால் நின்றது. மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. பெண்கள் குடத்தோடு குலவை போட்டார்கள்.

ஒக்வலிங்காவுக்குப் பேச்சு ஊறியது. அமோதிங்கைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "ரெண்டு பொம்பளைங்களை இந்த ஊர் பார்த்துச்சு. ஒருத்தி பொழப்பையே குடுத்தா. இன்னொருத்தி புல்லு முளைச்ச மண்ணைக்கூடக் குடுக்கல" என்றார். தலைகள் அகுரூத் வீட்டுப் பக்கம் திரும்பின. யாரோ காறித் துப்பினார்கள்.

"துப்பாதீங்க" என்றாள் அமோதிங். "என் மூத்த பிள்ளைக்கு இந்த ஊர்ல ஆறடி மண்ணு கிடைக்காதப்போ, தன் மண்ணைக் குடுத்து இத்தனை வருஷமா வாயைத் திறக்காம இருந்தவங்க அவங்க. ஊருக்குத் தண்ணி வேணும்னு கத்தின நான், ஒரு அடுப்பைப் பிரிக்க மனசு வராமத்தான் அவங்க வாசலுக்கு உங்களையெல்லாம் ஏவி விட்டேன்."