வள்ளம் இன்னும் கரைக்கு வரேல்லை

படம் பாதியில் நின்றபோது மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை.

வெளியே ஜெனரேற்றர் இருமிவிட்டு அடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி இருண்டது. யன்னல்களை மறைத்துக் கட்டியிருந்த போர்வைகளின் ஓரத்தால் மத்தியான வெயில் உள்ளே விழுந்தது.

"மண்ணெண்ணெய் முடிஞ்சுது. இனி ஒண்டும் செய்யேலாது" என்றான் ஜெனரேற்றர்காரன் செபநாயகம்.

பத்மாசினி வீடியோ டெக்கின் பக்கத்தில் நின்றாள்.

இரண்டு கவிதைப் புத்தகங்கள் போட்டவள் அவள். எண்பத்தைந்தில், கலியாணவீடுகளுக்கு வாடகைக்கு விடும் வீடியோக் கமரா ஒன்றைக் கொண்டுபோய், குருநகர் மீனவர் சிமியோனின் வள்ளத்தில் கரையைப் பார்க்கக் கட்டிவிட்டு, வள்ளத்தைக் கடலுக்கு விடச் சொன்னாள். அவ்வளவுதான் படம். ஆட்கள் வந்து கதைப்பதில்லை. குருநகர்க் கரை சிறுத்துச் சிறுத்துக் கோடாகி மறையும். அதற்கு மேலே அவளுடைய குரலில் ஒரு நீண்ட கவிதை.

மானிப்பாயில் அதை முதன்முதலாகப் போட்டபோது வந்தவர்கள் பாதியில் எழும்பிப் போனார்கள். "வெறும் தண்ணி" என்று சொல்லிவிட்டு ஒருவர் சைக்கிளை எடுத்தார். பிறகு அவளிடம் யாரும் அந்தப் படத்தைக் கேட்டதில்லை.

போன கிழமைதான் சிமியோன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்தத் தண்ணிப் படம் கிடக்கோ?"

சண்டையால் குருநகரை விட்டு ஓடிவந்த சனம் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. கடலுக்குப் போகத் தடை.

இன்று மண்டபம் கொள்ளாத கூட்டம். படம் தொடங்கியதிலிருந்து ஆண்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே அந்த வள்ளத்தில் இருப்பதுபோலப் பாயைத் தளர்த்தச் சொன்னார்கள். அடியில் கல் இருக்கிறது, விலத்திப் பிடி என்றார்கள். பெண்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எந்த மாதம் என்று வாதாடினார்கள். தன் கவிதையில் ஒரு வரிகூட யார் காதிலும் விழவில்லை என்பதைப் பத்மாசினி கவனித்தாள். அவளுக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. இப்படி ஒரு கூட்டத்தை அவள் கனவில்கூடக் கண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெனரேற்றர் நின்றது.

லூர்த்தம்மா முன்வரிசையிலிருந்து எழும்பினாள்.

"வள்ளம் இன்னும் கரைக்கு வரேல்லை. எப்பிடி விட்டிட்டுப் போறது?"

அவள் தன் குடும்பம் தங்கியிருந்த வகுப்பறைக்குப் போய், ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுவந்து திரியைக் கழற்றினாள். உள்ளே கிடந்த மண்ணெண்ணெயை ஜெனரேற்றருக்குள் ஊற்றினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் போனார்கள். போத்தல் போத்தலாக வந்தது. இன்றிரவு அந்தப் பள்ளிக்கூடத்தில் வெளிச்சம் இருக்காது. ஒருவருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

பத்மாசினி டெக்கை விட்டு இரண்டடி முன்னுக்கு வந்தாள்.

படத்தில் வள்ளம் திரும்பி வருவதில்லை. கரை மறைந்ததும் கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். பிறகு இருட்டு. அந்த முடிவுக்காகத்தான் அவள் படத்தையே எடுத்திருந்தாள்.

"லூர்த்தம்மாக்கா, படத்திலை..." என்று தொடங்கினாள். ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு எழுந்தது. மண்டபம் கைதட்டியது.

கரை கோடானது. கோடும் போனது. திரை முழுக்கத் தண்ணீர்.

சனம் திரைக்குக் கிட்ட நகர்ந்தது. பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொண்டார்கள்.

"இப்ப திருப்புவான்" என்றார் யாரோ.

சிமியோன் தலையைத் திருப்பிப் பத்மாசினியைப் பார்த்தார். அன்றைக்குக் கமராவை நிறுத்திய பிறகுதான் வள்ளத்தைத் திருப்பியது என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

இருட்டு வருவதற்குச் சற்று முன் அவளுடைய விரல் டெக்கில் போய் நின்றது. படத்தைப் பின்னோக்கி ஓட்டும் பொத்தானை அழுத்தினாள்.

அவளுடைய குரல் அறுந்தது. திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. தண்ணீர் நடுங்கியது. நடுவில் மயிர் அளவுக்கு ஏதோ தெரிந்தது.

"கரை" என்றாள் ஒரு பெண்.

மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

வள்ளம் பறந்து வந்தது. வள்ளத்துக்குப் பின்னால் விரிய வேண்டிய நுரை, வள்ளத்தை நோக்கி ஓடிவந்து மறைந்தது. கடலிலேயே வளர்ந்த சனம் அது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பத்மாசினி முகங்களைப் பார்த்தாள்.

"காத்து நல்லாக் கிடக்கு. அதுதான் இந்த ஓட்டம்" என்றார் சிமியோன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவரை ஒருவரும் மறுக்கவில்லை.

கோயில் கோபுரம் வந்தது. தென்னைகள் வந்தன. ஆண்கள் தண்ணீரில் குதிக்கப் போகிறவர்கள் மாதிரிச் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். கரையோர வீடுகள் வரிசையாகப் பெருத்தன. கூரைகளுக்கு மேலே நின்ற அடுப்புப் புகை, மெல்ல மெல்லக் கூரைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"உதிலை நிப்பாட்டு பிள்ளை" என்றாள் லூர்த்தம்மா.

பத்மாசினி நிறுத்தினாள். படம் நடுங்கியபடி நின்றது.

லூர்த்தம்மா தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய், ஒரு கூரையின் மேல் விரலை வைத்தாள். "இது எங்கடை" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

குண்டு விழுந்து அந்தக் கரையில் ஒரு வீடும் மிஞ்சவில்லை என்ற செய்தி போன மாதமே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. கொண்டுவந்து சொன்னவரே சிமியோன்தான்.

லூர்த்தம்மா விரலை எடுத்து, அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.